அண்ணல் இலண்டனில் இடம்பெற்ற வரலாறு

பரோடா மன்னர் சாயாஜிராவ் நல்கிய உதவித்தொகையால் 1913ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்த அண்ணல் அம்பேத்கர், 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916இல் அவர் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் பயிலச் சென்றார். அவரைக் கொலம்பியாவில் பயிற்றுவித்த பேராசிரியர் செலிக்மன், இலண்டன் பேராசிரியர் ஃபாக்ஸ்வெல்லுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். மாணவனின் உழைப்பைக் கண்ணாரக் கண்ட ஆசிரியரின் சான்று அது.

1917இல் உதவித்தொகை முடிவுற்றது. நான்காண்டுகளுக்குள் திரும்பிவந்து படிப்பைத் தொடரப் பல்கலைக்கழகத்தின் இசைவைப் பெற்ற பின்னரே அண்ணல் தாயகம் திரும்பினார். பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியராயிருந்து சேமித்த பொருளோடும், நண்பரிடம் பெற்ற கடனோடும் 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார், 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

சேர்வராயன் மலை இளைஞர்களே! விண்ணப்பத் தாளை நிரப்புவது ஒருநாள் வேலை. அதில் எழுதத்தக்கவற்றைத் தேடுவது பல்லாண்டு வேலை. நன்மதிப்பெண்ணும், உங்களை நன்கறிந்த ஆசிரியரின் கடிதமும், செலவுக்கான வழியும் முன்னரே அமைதல் வேண்டும். வெளிநாட்டு உயர்கல்விக்கென மத்திய அரசு 1954-55 முதல் நம்மவர்க்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் தொழிலாளியின் மகளும் அதற்கு விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் கடைசி நாள்வரை காத்திராது, இன்றே பெற்று வைப்பீர்களாக!