தோள், பட்டை, எண்ணெய்: வண்டியின் குலுக்கலைத் தாங்கியவர் யார்?

வில்வண்டி என்ற சொல்லில் உள்ள வில் எது என்று கேட்டால், வளைந்த கூண்டையே பலர் சுட்டிக்காட்டுவர். வண்டியின் மேலே கண்ணில் படும் வளைவு அதுதான் என்பதால் இந்த மயக்கம் இயல்பானது. ஆனால் அப்பெயருக்குக் காரணமான வில் வண்டியின் அடியில், அச்சுக்கும் தட்டுக்கும் இடையே கிடக்கும் எஃகுப் பட்டை. இன்றும் லாரிப் பட்டறைகளில் இதனைக் ‘கமான்’ என்கின்றனர். கமான் என்னும் பாரசீகச் சொல்லின் பொருளும் வில்லே. ஒரே பொருளை இரு மொழிகளும் ஒரே உவமையால் பெயரிட்டுள்ளன. போக்குவரத்து வரலாற்றை எழுதுவோர் சாலையையும் சக்கரத்தையும் இருப்புப்பாதையையும் விரிவாகப் பேசுகின்றனர். சாலையின் அதிர்ச்சி பயணியின் உடலை அடையாமல் இடையில் நின்று வாங்கியது எது என்ற கேள்வியை அரிதாகவே எழுப்புகின்றனர். அந்த இடத்தில் நெடுங்காலம் நின்றது பொருளன்று, மனிதன்.

கார்வேட்டிநகரம் சமஸ்தானத்தை எடுத்துக்கொள்ளலாம். பொம்மராஜுபாளையம் என்று பழைய ஆவணங்களில் வழங்கும் இப்பாளையப்பட்டு 1802இல் நிரந்தரத் தீர்வையின்கீழ் ஜமீனாயிற்று. அப்போது வடாற்காட்டைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுள் அடங்கியது. சமஸ்தானத்தில் அடங்கியிருந்த திருத்தணி 1960இல் சென்னை மாநிலத்துக்கு வந்தது. கார்வேட்டிநகரம் ஆந்திரத்திலேயே நின்றது. தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டுத் திண்ணையில் பேசப்படும் நிலம் இது. சாரங்கபாணியின் வேணுகோபாலப் பதங்களாலும் கோவிந்தசாமய்யாவின் வர்ணங்களாலும் இசை வரலாற்றில் இவ்வூருக்கு ஒரு நிலையான இடம் உண்டு. ஊருக்கு ஏறத்தாழ ஏழு மைல் கிழக்கேயுள்ள புத்தூர் வழியாக 1860களில் மெட்ராஸ் ரயில்வேயின் வடமேற்குப் பாதை சென்றது. அதற்கு முன்னர் நகரிக் குன்றுகளுக்கிடையே உள்ள வழிகளில் செல்வமுடையோர் பயணம் செய்யப் பல்லக்கே உகந்த ஊர்தியாயிருந்தது. ஏழு மைல் என்பது இருப்புப்பாதை வந்த பின்னரும் ஏழு மைல்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து அரண்மனைவரை உள்ள தூரத்தை நீராவி குறைத்துவிடவில்லை.

பல்லக்குச் சுமப்போரைத் தெலுங்கில் போயி என்பர். ஐரோப்பியர் வாயில் இச்சொல் ஆங்கிலத்தின் ‘பாய்’ என்ற சொல்லோடு கலந்து மயங்கியதை ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியான ஹாப்சன்-ஜாப்சன் பதிவு செய்கிறது. சுமப்போர் படைவீரரைப் போல ஒரே தாளத்தில் காலெடுத்து வைப்பதில்லை. நால்வரின் பாதமும் ஒரே கணத்தில் தரையில் பதிந்தால், நான்கு அடிகளின் அதிர்ச்சியும் ஒன்றாகத் திரண்டு பல்லக்கினுள் இருப்பவரைத் தூக்கிப் போடும். அடிகள் முன்பின்னாக விழும்போது ஒன்றன் ஏற்றத்தை மற்றொன்றன் இறக்கம் ஈடு செய்கிறது. இதனோடு மடங்கிய முழங்கால், தோளில் வைத்த சும்மாடு, நெகிழும் மூங்கில் தண்டு ஆகியவையும் சேர்ந்தால் இன்றைய பொறியாளர் தொங்கலமைப்பு என்று அழைக்கும் அனைத்தும் அங்கே உள்ளன. நெகிழும் கம்புகளில் சுமை தூக்கி ஓடுவதைக் குறித்து 1991இல் ரோஜர் கிராம் வெளியிட்ட ஆய்வு இங்கே பயனுள்ளது. அத்தகைய கம்பு உடல் செலவிடும் ஆற்றலைக் குறைப்பதில்லை; தோளின்மீது விழும் உச்ச விசையை மட்டுமே குறைக்கிறது. அதாவது, மூங்கில் தோளைக் காத்தது, உழைப்பைக் குறைக்கவில்லை.

கோயில் வீதியுலாக்களில் உற்சவரைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளிடம் இந்த நடைக்கலை இன்னும் உயிரோடிருக்கிறது. ஆனால் அங்கே நோக்கம் வேறு. குலுக்கத்தை அடக்குவதைவிட அதனை ஓர் அசைவாக, நடனமாக மாற்றுவதே அவர்களின் திறன். அதிர்வை அழிக்காமல் அதற்கு வடிவம் கொடுக்கும் ஒரே மரபு இதுவாகவே இருக்கலாம். தனியாக எழுதத்தக்க பொருள்.

1804இல் இலண்டனைச் சேர்ந்த ஒபதையா எலியட் நீள்வட்ட வடிவில் எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் ஐரோப்பியக் குதிரை வண்டிகளில் உடற்பகுதி தோல்வார்களில் தொங்கியது. எலியட்டின் வில், கனமான அடிச்சட்டத்தின் தேவையை நீக்கியதால் வண்டி இலகுவாயிற்று. அவ்வமைப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் போக்கில் இந்தியத் தச்சர் கொல்லர் கைகளுக்கு வந்து, இரட்டை மாட்டு வண்டியின் மரத்தட்டின் கீழ் அமர்ந்தது. தமிழகத்திலும் கேரளத்திலும் அதுவே வில்வண்டி.

பட்டை வில்லில் ஒரு நுட்பம் மறைந்துள்ளது. வில் செய்வது ஒரே வேலை: பள்ளத்தில் வாங்கிய ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருவது. திருப்பித் தருவதுதான் தொல்லை. தனி வில்லின்மேல் அமர்ந்த வண்டி ஒரு பள்ளத்தைக் கடந்த பின்னும் பல முறை எழும்பித் தாழும். அடுக்கிய பட்டைகள் வளையும்போது ஒன்றன்மேல் ஒன்று உராய்கின்றன. அவ்வுராய்வு ஆற்றலின் ஒரு பகுதியை வெப்பமாக்கி வீணாக்குகிறது. இந்த வீண் செலவே பயணியின் சுகம். பட்டைகளுக்கிடையே எண்ணெய் இட்டால் வண்டி மென்மையாகும். ஆனால் துள்ளல் கூடும். துருப்பிடிக்க விட்டால் துள்ளல் அடங்கும். ஆனால் சிறு கற்களின் அதிர்ச்சிக்கு வில் அசையவே அசையாது. எண்ணெய்க் குப்பியோடு நின்ற வண்டிக்காரர், பின்னாளில் வால்வுகளைப் பிரித்து மாற்றும் வல்லுநர் எதிர்கொண்ட அதே சிக்கலைத்தான் எதிர்கொண்டார்.

வில்வண்டி சுகத்தின் கருவியாக மட்டும் இருக்கவில்லை. 1893இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி, வெள்ளை மாடுகள் பூட்டிய வில்வண்டியில் ஏறிப் புலையருக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் சென்றார். அவர் சாலையில் நடந்து சென்றிருக்கலாம். கட்டை வண்டியில் சென்றிருக்கலாம். வில்வண்டியைத் தேர்ந்தது தற்செயலன்று. சாலையின் அதிர்ச்சியிலிருந்து காக்கப்படும் உடல் எது, அவ்வதிர்ச்சியைச் சுமக்கப் பிறந்ததாகக் கருதப்பட்ட உடல் எது என்ற சாதியப் பாகுபாட்டின் நெஞ்சிலேயே அந்தத் தேர்வு கை வைத்தது. இதனை வழிநடை உரிமைப் போராட்டம் என்று மட்டும் வாசிப்பது அந்த ஊர்தியின் பொருளைக் கவனியாத வாசிப்பு. வில்லின்மேல் அமரும் உரிமையும் அங்கே கோரப்பட்டது.

சரக்கேற்றிய கட்டை வண்டிக்கு வில் கிடைக்கவில்லை. நெல் மூட்டைக்குக் குலுக்கல் வலிக்காது என்பது கணக்கு. மாட்டின் கழுத்து அக்கணக்கில் சேரவில்லை. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராயிருந்த என்.எஸ். இராமசுவாமி, மாட்டு வண்டியின் நுகத்தடி விலங்கின் கழுத்தைப் புண்ணாக்குவதையும் வண்டியின் வடிவமைப்புக் குறைகளையும் 1970களிலிருந்து தொடர்ந்து எடுத்துரைத்தார். நடைமுறையில் வந்த மாற்றம் காற்றடைத்த சக்கரமே. ‘டயர் வண்டி’ என்று தனிப்பெயர் பெறும் அளவுக்கு அது கிராமங்களில் வேறுபட்டுத் தெரிந்தது. அங்கும் வில்லில்லை, ரப்பருக்குள் அடைபட்ட காற்றே வில்லாயிற்று.

மோட்டார் ஊர்திகள் வேகத்தைக் கூட்டியபோது பட்டைகளின் உராய்வு போதவில்லை. பிரான்சின் துருஃபோ உராய்வுத் தகடுகளாலான தணிப்பானைச் செய்தார். எட்வர்ட் ஹார்ட்ஃபோர்டு அதனை அமெரிக்காவில் பரப்பினார். மோரீஸ் உதாய் 1908ஆம் ஆண்டளவில் எண்ணெயைத் துளை வழியே செலுத்தும் தணிப்பானை உருவாக்கினார். உராய்வுத் தகடு எந்த வேகத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில் எதிர்க்கும். எண்ணெயோ அசைவு மெதுவாயின் இளகியும் அசைவு விரைவாயின் இறுகியும் எதிர்க்கும். ‘ஷாக் அப்சார்பர்’ என்ற பெயர் உண்மையில் பிழையானது. அதிர்ச்சியை ஏற்பது வில். இக்கருவி வில்லின் மீள்துள்ளலை அடக்குகிறது. தணிப்பான் என்பதே பொருத்தமான தமிழ்ச்சொல். ஆனால் பட்டறையில் அச்சொல்லை எவரும் அறியார்.

இக்கருவி தமிழகத்து மண்ணில் பெருமளவில் வேரூன்றியதில் திருவொற்றியூருக்குத் தனிப்பங்கு உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1948இல் மேடுபள்ளப் போட்டிகளில் ஒரு புதிய புல்லட்டைக் களமிறக்கியது. அதன் பின்சக்கரம் ஊசலாடும் கையொன்றில் பொருத்தப்பட்டு இரு எண்ணெய்த் தணிப்பான்களால் தாங்கப்பட்டது. பின்சக்கரம் சட்டத்தோடு விறைப்பாக இருந்தால்தான் பிடிமானம் கிட்டும் என்று நம்பிய ஓட்டுநர் பலர் அதனை ஐயத்தோடு நோக்கினர். 1949 முதல் அது விற்பனைக்கு வந்தது. எல்லைக் காவலுக்கு ஏற்ற இருசக்கர ஊர்தியைத் தேடிய இந்திய அரசு 1950களின் தொடக்கத்தில் புல்லட்டைத் தேர்ந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்சுடன் கூட்டாக என்ஃபீல்டு இந்தியா அமைந்து, திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. இயந்திரத்தின் ஒலியைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம். அது மலைப்பாதைகளுக்கு ஏற்றதாயிருந்ததில் பின்புறத் தணிப்பான்களின் பங்கைப் பற்றிய பக்கங்கள் மிகச் சில.

தணிப்பானின் உள்ளே நடப்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். உருளைக்குள் எண்ணெய், அதனுள் ஒரு முசலம், முசலத்தில் துளைகள். வெறும் துளையாயின் எதிர்விசை வேகத்தின் இருமடியாக உயரும். மெல்லிய அலைகளுக்குத் தளர்ந்தும், திடீர்ப் பள்ளத்துக்குக் கல்லாக இறுகியும் விடும். ஆகவே துளைகளை மெல்லிய எஃகு வாஷர்களின் அடுக்கு மூடுகிறது. அழுத்தம் கூடும்போது அவ்வடுக்கு வளைந்து எண்ணெய்க்கு வழி விடுகிறது. ஒரு புறத்து அடுக்கு சக்கரம் மேலேறும்போதும் மறுபுறத்து அடுக்கு கீழிறங்கும்போதும் செயல்படும். வாஷர்களின் தடிமன், விட்டம், எண்ணிக்கை ஆகியவற்றை மாற்றி அடுக்குவதே வால்வு மாற்றம். ஒரு வாஷரின் தடிமனில் மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு மாறினாலே ஊர்தியின் குணம் மாறுவதை ஓட்டுநர் உணர்வார்.

இதில் அடிக்கடி நேரும் தவறு, கடினமான சவாரிக்கு எப்போதும் ஏறுதணிப்பையே குறை சொல்வது. மீள்தணிப்பு மிகுந்தால் ஒரு பள்ளத்தில் அமுங்கிய சக்கரம் அடுத்தது வருவதற்குள் முழுதும் நீளாது. அலையலையான சாலையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஊர்தி இன்னும் சிறிது தாழ்ந்து, இறுதியில் வில்லுக்கு அசைய இடமேயிராது. ஓட்டுநர் அதனை ‘வில் கட்டி’ என்பார். வில்லை மாற்றினாலும் தீராது. திறக்க முடியாதபடி அடைத்துவிடும் தணிப்பான்களில் இதற்கு மருந்தில்லை. முன்புறக் கவையில் எண்ணெயின் தடிப்பை மாற்றும் எளிய வழி மட்டுமே பெரும்பாலான பட்டறைகளுக்கு எட்டியது. 1953இல் பிரான்சின் டி கார்போன், அழுத்தமேற்றிய வாயுவை எண்ணெய்க்குப் பின்னால் அடைத்து, எண்ணெய் நுரைத்துப்போகும் குறையைத் தீர்த்தார். அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த கிளாசிக் வகைகளின் பின்புறத்திலும் வாயு அடைத்த தணிப்பான்களே இடம்பெற்றன.

இக்கலை உச்சநிலையில் சோதிக்கப்படுவது சாலையே இல்லாத இடத்தில். கியூபெக்கின் ஜோசப்-ஆர்மான் பொம்பார்தியே 1937இல் பனிமேல் செல்லும் ஊர்திக்குக் காப்புரிமை பெற்றார். 1959இல் ஒருவர் ஓட்டத்தக்க ஸ்கி-டூ வந்தது. தொடக்க காலப் பனி ஸ்கூட்டர்களின் ரப்பர்ப் பட்டையைச் சிறு உருளைகளே தாங்கின. பின்னர் பட்டைக்குள் இரு நெடுந்தண்டவாளங்களும், அவற்றைத் தாங்க நடுவில் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகத் தணிப்பான்களும் வந்தன. இவ்விரண்டும் ஒன்றையொன்று பாதிப்பவை. நடுத்தணிப்பானின் குணத்தை மாற்றினால் முன்னுள்ள சறுக்குகள் பனியில் பதியும் அழுத்தமே மாறிவிடும். உறைகுளிரில் எண்ணெய் தடிப்பதால், காலையில் கல்லாக இருக்கும் ஊர்தி ஓடி வெப்பமேறிய பின்னரே இளகும். ஒரே வாஷர் அடுக்கு இரு வேறு எண்ணெய்களை எதிர்கொள்ளும் நிலை இது.

1984 ஏப்ரலில் மேகதூத் நடவடிக்கைக்குப் பின் சியாச்சின் பனியாற்றில் நிலைகொண்ட இந்தியப் படையும் பனி ஸ்கூட்டர்களைப் பயன்படுத்துகிறது. பனிப்பிளவுகளாலும் செங்குத்துச் சரிவுகளாலும் அவை செல்ல இயலாத நிலைகளுக்கு, மண்ணெண்ணெயும் உணவும் இன்றும் லடாக்கியச் சுமைகூலிகளின் முதுகில் ஏறுகின்றன.