கல், சிலை, படிக்கட்டு, வால்நட்சத்திரம்

1967இல் வந்த ‘பட்டணத்தில் பூதம்’ படத்தைத் தொலைக்காட்சியிலாவது பார்க்காத தமிழர் குறைவு. ஜாவர் சீதாராமன் ஜீபூம்பாவாக வந்து ஜெய்சங்கரையும் நாகேஷையும் படுத்தும் பாடு இன்றைக்கும் சிரிக்க வைக்கிறது. அந்தப் படத்துக்கு முன்னோடி 1964இல் வந்த ‘தி பிராஸ் பாட்டில்’ என்னும் ஹாலிவுட் படம். அதற்கும் முன்னோடி 1900இல் லண்டனில் வெளியான நாவல். எழுதியவர் எஃப். ஆன்ஸ்டி. இயற்பெயர் தாமஸ் ஆன்ஸ்டி கத்ரி. சட்டம் படித்துவிட்டு நகைச்சுவை எழுத்தில் இறங்கியவர், ‘பஞ்ச்’ இதழின் ஆள். நம் வீடுகளில் இவர் பெயர் யாருக்கும் தெரியாது, பூதத்தை மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பூதத்துக்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே, 1882இல், ஆன்ஸ்டி இன்னொரு சரக்கைச் சந்தைக்கு விட்டிருந்தார். இரண்டு பேர் உடல் மாறிக்கொள்வார்கள், இவர் வீட்டில் அவரும் அவர் வீட்டில் இவரும் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். இன்று ஜப்பானிய அனிமேஷனிலும் அமெரிக்கப் பள்ளிக்கூடப் படங்களிலும் சலிக்காமல் ஓடிக்கொண்டிருப்பது அந்தச் சரக்குதான். நான் சொல்லப்போவது அதன் பயணத்தை.

ஒருவர் உயிர் இன்னொருவர் உடலில் புகுவது நமக்குப் புதிதல்ல. கயிலையிலிருந்து வந்த யோகி, சாத்தனூர் இடையன் மூலன் இறந்து கிடப்பதையும் அவன் மேய்த்த பசுக்கள் கதறுவதையும் கண்டு அவன் உடலில் புகுந்து திருமூலர் ஆன கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. ஆனால் கூடுவிட்டுக் கூடு பாய்வதில் நகைச்சுவைக்கு இடமில்லை. பழைய குடித்தனக்காரர் காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்குள்தான் புதியவர் வருகிறார். கதை கனப்பது மூலனின் மனைவியிடம். வீட்டுக்கு வந்தவன் அதே முகத்தோடு நிற்கிறான், ஆனால் தன்னைத் தொடாதே என்கிறான். முகம் அப்படியே இருக்க, ஆள் மட்டும் வேறு என்று அறிய நேர்ந்தவள் அவள். உடல் மாறும் கதைகள் எந்த நாட்டில் எழுதப்பட்டாலும், அவற்றின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது: உள்ளே இருப்பது யார் என்று யார் கண்டுபிடிக்கிறார்கள்?

இந்த வித்தை பாரிஸுக்குப் போனபோது பரிமாற்றமாக மாறியது. தெயோஃபீல் கோத்தியே 1856இல் எழுதிய குறுநாவலின் பெயரே ‘அவதார்’. ஒக்டாவ் என்ற இளைஞன், திருமணமான ஒரு சீமாட்டியின்மேல் காதல் கொண்டு உருகுகிறான். இந்தியாவில் இருந்து வித்தை கற்றுத் திரும்பிய மருத்துவர் ஒருவர் அவன் உயிரை அவள் கணவன் உடலிலும், கணவன் உயிரை அவன் உடலிலும் ஏற்றிவிடுகிறார். திட்டம் கச்சிதம். ஆனால் கணவன் முகத்தோடு வந்தவனின் பார்வை சரியில்லை என்று அவளுக்குப் பட்டுவிடுகிறது. தங்கள் வழக்கமான போலிஷ் மொழியில் பேசிப் பார்க்கிறாள், அவனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பிறகு ஆண்கள் இருவரும் வாளெடுத்து மோதுகிறார்கள். எதிரே நிற்பது தன் உடல், குத்தினால் போவது தன் கூடு. உடல் மாறும் கதைகளில் இதைவிட நல்ல சண்டைக்காட்சியை நான் பார்த்ததில்லை.

ஆன்ஸ்டி இதிலிருந்து காதலைக் கழற்றிவிட்டார். அவருடைய ‘வைஸ் வெர்சா’வில் மாறிக்கொள்வது அப்பாவும் மகனும். விடுமுறை முடிந்து விடுதிப் பள்ளிக்குப் போக அழும் டிக்கிடம், பள்ளிப் பருவம்போல உண்டா, நானும் உன்னைப்போலப் பையனாகிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று உபதேசம் செய்கிறார் வணிகர் பல்டிட்யூட். அவர் கையில் அப்போது இருப்பது மைத்துனர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த ‘கருடக் கல்’. உடனே பையனாகிவிடுகிறார். மகன் கல்லை வாங்கி அப்பாவாகிவிடுகிறான். அப்பா பிரம்புக்குப் பேர்போன அந்தப் பள்ளிக்கு வண்டியேறுகிறார். ‘தந்தையருக்கு ஒரு பாடம்’ என்பது நாவலின் துணைத்தலைப்பு. அந்தப் பாடத்தைப் படிக்கப் பையன்கள் முண்டியடித்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

காதல், இம்முறை அறிவியலோடு சேர்ந்து, இந்தக் கதைக்குள் திரும்ப நுழைந்தது 1885இல். கைங்கரியம் ஆர்தர் கானன் டாயிலுடையது. ஷெர்லாக் ஹோம்ஸ் பிறக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. கைன்பிளாட்ஸ் என்னும் கற்பனை ஜெர்மன் பல்கலைக்கழகத்தில், மனவசியத்தால் உயிர் உடலைவிட்டு வெளியேறும் என்று நிரூபிக்கத் துடிக்கும் பேராசிரியர் ஒருவர். அவர் மகளை விரும்பும் மாணவன் ஒருவன். பெண்ணைக் கட்டித் தருவதாக இருந்தால் சோதனைக்கு நான் தயார் என்கிறான் அவன். இருவரும் ஒரே நேரத்தில் மயங்குகிறார்கள், உயிர்கள் வீடு மாறித் திரும்புகின்றன. மாணவன் பேராசிரியர் உடம்போடு மதுக்கடைக்கும், பேராசிரியர் மாணவன் உடம்போடு தம் வீட்டுக்கும் போகிறார்கள். மனைவியிடம் அவர் வாங்கும் திட்டு இருக்கிறதே, அது தனி. நம் காலத்துக் காதல் நகைச்சுவைப் படத்துக்கு வேண்டிய எல்லாமே இதில் உண்டு. ஒன்றே ஒன்று இல்லை: அந்தப் பெண்ணுக்கு இதில் வேலையே கிடையாது. அவள் பரிசுப்பொருள்.

பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் மேற்கில் இந்தக் கதை பெரிதாக வளரவில்லை, சாமான்தான் மாறியது. 1931இல் தோர்ன் ஸ்மித் எழுதிய ‘டர்ன்அபவுட்’டில் கணவன் மனைவியை மாற்றிவிடுவது ஓர் எகிப்தியச் சிலை. 1988இல் ‘வைஸ் வெர்சா’வை அமெரிக்கர்கள் சிகாகோவில் வைத்துப் படமெடுத்தபோது கருடக் கல்லுக்குப் பதிலாகத் தாய்லாந்து மண்டையோடு வந்தது. 2003இல் வந்த ‘ஃப்ரீக்கி ஃப்ரைடே’யில் சீன உணவகத்தில் கொடுத்த குறி சொல்லும் பிஸ்கட். வெள்ளைக்காரக் குடும்பத்தில் ஏதாவது விபரீதம் நடக்க வேண்டுமென்றால் கிழக்கிலிருந்து ஒரு சாமான் வந்தாக வேண்டும்! சோம்பேறித்தனம் என்று சொல்வதே மரியாதையான சொல். மேரி ராட்ஜர்ஸ் 1972இல் எழுதிய மூல நாவலில் இந்தச் சாமான்கள் எதுவும் கிடையாது. நியூயார்க்கில் பதின்மூன்று வயது அன்னபெல் ஒரு வெள்ளிக்கிழமை காலை அம்மாவாகக் கண் விழிக்கிறாள், அவ்வளவுதான். எப்படி என்று விளக்க ராட்ஜர்ஸ் மெனக்கெடவே இல்லை. அந்தத் துணிச்சல் படமெடுத்தவர்களுக்கு வரவில்லை. 2003 படத்துக்கு 2025இல் வந்த தொடர்ச்சியில் நான்கு பேர் மாறிக்கொள்கிறார்கள். எண்ணிக்கை கூடியது, கதை கூடவில்லை.

கதை உண்மையிலேயே வளர்ந்தது ஜப்பானில், ஹிரோஷிமா மாவட்டத்தின் கடலோர நகரமான ஓனோமிச்சியில். அந்த ஊரில் பிறந்த இயக்குநர் நொபுஹிகோ ஒபயாஷி, ஹிசாஷி யமனாகாவின் சிறுவர் நாவல் ஒன்றை எடுத்து 1982இல் ‘தென்கோசேய்’ என்ற படமாக்கினார். பள்ளி மாறி வந்த மாணவர் என்று பொருள். கசுவோ பையன், கசுமி பெண். இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர். சிறுவயதில் ஒன்றாக இருந்தவர்கள், அவள் வேறு ஊர் போய்விட்டு இப்போது அவன் வகுப்புக்கே வந்து சேர்கிறாள். கோயில் படிக்கட்டின் உச்சியிலிருந்து இருவரும் கட்டிப்புரண்டு உருண்டு விழுகிறார்கள். எழுந்தால் ஆள் மாறியிருக்கிறது. கல்லும் இல்லை, சிலையும் இல்லை, எந்த நாட்டு மந்திரவாதியும் இல்லை. உள்ளூர்ப் படிக்கட்டே போதுமானதாக இருந்தது.

படத்தில் பழசாகிப்போனவை நிறைய. பெண் உடலில் இருக்கும் பையன் கால் அகட்டி நடப்பான், பையன் உடலில் இருக்கும் பெண் எந்நேரமும் அழுதுகொண்டிருப்பாள். 1982இன் ஆண் பெண் அச்சு அப்படி. ஆனால் அந்த அச்சுக்குள்ளிருந்தே சதோமி கோபயாஷி என்ற இளம் நடிகை, தன் உடலைக் கண்டு தானே வெட்கப்படும் ஒரு பையனை நடித்துக் காட்டிவிடுகிறார். முதலில் சிரித்துக்கொண்டே பார்ப்போம். மாற்றம் ஓரிரு நாளில் சரியாகாது என்று தெரிந்த பிறகு சிரிப்பு தொண்டையில் நிற்கும். பெற்றோரும் ஆசிரியர்களும் கண்டுபிடிக்கவில்லை. உள்ளே இருப்பது யார் என்பது இந்த உலகத்தில் இன்னும் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும், அவரும் உன் உடலுக்குள் இருக்கிறார். உடல் மாறும் கதை காதல் கதையாக மாறிய இடம் இதுதான். காதலிக்கிறேன் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் கசுவோவின் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஒவ்வொருவரும் விடைகொடுப்பது தன் பழைய தனக்கு.

ஒபயாஷி அடுத்த ஆண்டே அதே ஊரில் ‘காலத்தைத் தாண்டிய சிறுமி’யைப் படமாக்கினார். அது காலப்பயணக் கதை. அவர் தனித்தனியாக எடுத்த இரண்டையும், உடல் மாற்றத்தையும் காலத் தாவலையும், ஒரே படத்தில் முடிச்சுப் போட இன்னொருவர் வர வேண்டியிருந்தது. அவர் மகோதோ ஷின்காய். 2002இல் அவர் ஏறக்குறையத் தனியாளாகக் கணினியில் செய்த 25 நிமிடப் படத்தில், விண்வெளிக்குப் போன பள்ளி மாணவி பூமியிலிருக்கும் நண்பனுக்குக் கைபேசியில் செய்தி அனுப்புவாள். தொலைவு கூடக்கூட ஒரு செய்தி வந்துசேர ஆண்டுகள் ஆகும். தூரம்தான் அவருக்குக் காதல். ஆகவே உடல் மாற்றத்தைக் கையில் எடுத்தபோது, ஒரே வீட்டிலும் ஒரே வகுப்பிலும் இருந்தவர்களை அவர் பிரித்துவைத்தார்.

2016 ஆகஸ்டில் ஜப்பானில் வெளியான ‘கிமி நோ நா வா’வில், உலகம் ‘யுவர் நேம்’ என்று அறிந்த படத்தில், தாகி தோக்கியோ நகரத்துப் பையன், மித்சுஹா மலைக்கிராமமான இதோமோரியின் கோயில் குடும்பத்துப் பெண். ஒருவரையொருவர் அறியாதவர்கள். தூங்கி விழித்தால் சில நாள்களில் ஆள் மாறியிருக்கும். கைபேசியில் நாட்குறிப்பு எழுதிவைத்து, சட்டதிட்டம் போட்டுக்கொண்டு, என் காசையெல்லாம் கேக்குக்குச் செலவழித்துவிட்டாயே என்று சண்டை போட்டுக்கொண்டு வாழ்கிறார்கள். ஒரே அறையில் ஒரு முறைகூட இருக்காத இருவருக்குள் சண்டையும் பழக்கமும் பிரியமும் வளர்கின்றன. அவள் உடலில் இருப்பது வேறு யாரோ என்று கண்டுகொள்வது பாட்டிதான். மூலனின் மனைவிக்கும் கோத்தியேயின் சீமாட்டிக்கும் பிறகு, இந்த நீண்ட வரிசையில் எனக்குப் பிடித்த ஆள் இந்தப் பாட்டிதான்.

படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். இருவருக்கும் நடுவே இருப்பது இடத்தூரம் மட்டுமல்ல. தாகி வாழ்வது 2016இல், மித்சுஹா வாழ்வது 2013இல். 1200 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வால்நட்சத்திரம் உடைந்து விழுந்து அவள் ஊரே அழிந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. இங்கே அறிவியல் புனைவு வேலை செய்கிறது, மாற்றத்தை விளக்க அல்ல, மாற்றத்துக்கு ஒரு விலை வைக்க. கைபேசியில் ஆண்டு தெரியாதா, கிழமைகூடவா இடிக்காது என்று பார்த்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். கனவுக்குள் யாரும் நாட்காட்டி பார்ப்பதில்லை என்பதைத் தவிரப் படத்திடம் வேறு பதில் இல்லை, எனக்கு அது போதவில்லை. ஆனாலும் அந்த ஓட்டையை நான் மன்னிக்கத் தயார். 2011 சுனாமி அழித்துப்போட்ட யுரியாகே என்னும் ஊருக்கு அதே ஆண்டு போய் நின்றபோது, இது என் ஊராக இருந்திருந்தால் என்று தோன்றியதே இந்தப் படத்தின் வித்து என்று ஷின்காய் சொல்லியிருக்கிறார். இறந்தவர்களின் இடத்தில் ஒரு நாள் இருந்து பார்க்கவும், முடிந்தால் எச்சரித்துவிட்டு வரவும் ஒரு வழி வேண்டியிருந்தது அவருக்கு. அதற்கு இந்தப் பழைய நகைச்சுவைச் சரக்கைவிடப் பொருத்தமான கருவி கிடையாது.

கதையின் மூதாதையர்களையும் அவர் ஒளித்துவைக்கவில்லை. ஆணாக வளர்ந்த சகோதரியும் பெண்ணாக வளர்ந்த சகோதரனுமாக அமைந்த ஹெய்யான் காலத்துப் பழங்கதை, ருமிகோ தகஹாஷியின் ‘ரன்மா’ படக்கதை, ஒவ்வொரு நாளும் வேறு உடலில் விழிக்கும் மனிதனைப் பற்றி ஆஸ்திரேலியர் கிரெக் ஈகன் எழுதிய அறிவியல் சிறுகதை எல்லாம் அவர் பட்டியலில் உண்டு. ஜப்பானில் மட்டும் படம் 2500 கோடி யென் வசூலித்தது, உலக அளவில் 35 கோடி டாலருக்கு மேல். கடைசிக் காட்சி நடக்கும் தோக்கியோவின் சுகா கோயில் படிக்கட்டில் ரசிகர்கள் வந்து படமெடுத்துக்கொள்கிறார்கள்.

2017இல் இந்தப் படத்தை அமெரிக்கப் படமாக மாற்றி எடுக்கப் போவதாகப் பாரமவுண்ட் நிறுவனமும் ஜே.ஜே. ஆப்ராம்ஸின் நிறுவனமும் அறிவித்தன. மார்க் வெப், லீ ஐசக் சங், கார்லோஸ் லோபஸ் எஸ்ட்ராடா என்று இயக்குநர்கள் பெயர் மட்டும் மாறியது. வராமல் போனால் நான் வருந்த மாட்டேன். ‘யுவர் நேம்’ படத்தை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ‘தென்கோசேய்’ படத்தைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். 2007இல் ஒபயாஷியே அதைக் களம் மாற்றி மறுபடி எடுத்திருக்கிறார், குழப்பிக்கொள்ள வேண்டாம். பார்க்க வேண்டியது ஓனோமிச்சியில் எடுத்த 1982ஆம் ஆண்டுப் படம்.