தம்பியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் உடுவிலில் நின்றோம். 1824இல் அமெரிக்க மிஷனரிமார் அங்கே தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையையும், 1913இல் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்பிள்ளைகளுக்காக அமைத்த கல்லூரியையும் பார்த்தோம். ஆனையிறவைத் தாண்டித் தெற்கே இறங்கினால் அந்த வரலாறு நின்றுவிடுகிறது. குடாநாட்டில் பெண்கல்வி நூறாண்டைக் கடந்தபோதும் வன்னி காடும் குளமும் காய்ச்சலுமாகவே கிடந்தது. மலேரியா அடங்கி, இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு நீரை நம்பிச் சனங்கள் குடியேறிய பிறகுதான் பாடசாலைகள் பெருகின. ஆகவே வன்னியின் பெண்கல்வியை யாழ்ப்பாணக் கதையின் பிற்சேர்க்கையாக எழுதிவிட முடியாது. இங்கே ஒரு பெண்பிள்ளை படிக்கப் போவதற்குத் தடையாக இருந்தவையும் வேறு, அவற்றை விலக்கிய கைகளும் வேறு.

இலவசக் கல்வி 1945 ஒக்டோபரிலேயே வந்துவிட்டதே, அதற்கு மேல் பெண்கல்விக்கு உரிமைக் குரல் எதற்கு என்று கேட்கலாம். கல்வி அமைச்சர் கன்னங்கராவின் அந்தப் பெருஞ்செயலைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் மனம் வராது. ஆனால் அதன் பயன் மலையகத்துத் தோட்டங்களை எட்டவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தோட்ட மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. தோட்டப் பாடசாலைகளோ 1970கள் வரை தோட்ட நிர்வாகத்தின் தயவில் நடந்து, பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்தன. தமிழருக்கு எதிரான 1977 ஓகஸ்ட் வன்செயலில் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து சேர்ந்த குடும்பங்கள் அந்தக் குறையையும் சுமந்துகொண்டே வந்தன. காடு வெட்டிய நிலத்தில் தாயும் தகப்பனும் விடியவே கூலிக்குப் போய்விடுவார்கள். தோட்டத்திலாவது பிள்ளைமடுவம் என்று ஒன்று இருந்தது. கைக்குழந்தையை ஆயாவிடம் விட்டுவிட்டுத் தாய் கொழுந்தெடுக்கப் போகலாம். இங்கே அதுவும் இல்லை. எட்டு வயது அக்காவின் இடுப்புத்தான் தம்பிக்குப் பிள்ளைமடுவம். பள்ளிக்கூடம் இலவசமாக இருந்து என்ன? அந்தப் பிள்ளை தம்பியை எங்கே இறக்கி வைத்துவிட்டுப் போவாள்?

இந்த இடத்தில்தான் காந்தியம் இயக்கம் வருகிறது. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் வவுனியாவைத் தளமாகக் கொண்டு 1970களின் பிற்பகுதியில் தொடங்கியது அது. அகதிகளைக் காணிகளில் குடியமர்த்தியதற்காகவே அது இன்று நினைக்கப்படுகிறது. அதன் இன்னொரு வேலையை நாம் போதிய அளவு பேசுவதில்லை. ஊர்களிலிருந்து இளம் பெண்களைத் தெரிந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, பாலர் பாடசாலை ஆசிரியைகளாகக் குடியேற்றங்களுக்கு அனுப்பியது. கிடுகு வேய்ந்த கொட்டில், சாணம் மெழுகிய தரை, சுற்றிவர நாலைந்து வயதுப் பிள்ளைகள், பாட்டு, எழுத்து, கொஞ்சம் சத்துணவு. பார்வைக்குச் சிறிய காரியம். ஆனால் அந்தக் கொட்டிலில் தம்பியை விட்ட அன்று அக்காவின் இடுப்பு காலியாகிறது. அவள் பெரிய பாடசாலைக்குப் போக முடிகிறது. தன் தாயைப் போன்றே சேலையுடுத்த ஒரு பெண் எழுதப் படிக்கக் கற்பிப்பதையும், தாய்மார் அவளை "ரீச்சர்" என்று மரியாதையாகக் கூப்பிடுவதையும் தினமும் காண்கிறாள். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் வேறு உண்டா?

காந்தியத்தின் நோக்கம் பெண்கல்வி இல்லையே, நீங்கள் இல்லாததை ஏற்றிச் சொல்கிறீர்கள் என்று ஒருவர் மறுக்கலாம். நோக்கமும் விளைவும் எப்போதும் ஒரே கோட்டில் போவதில்லை. உரிமைக்குக் குரல் கொடுப்பது என்றதும் ஐக்கிய நாடுகள் சபையில் பேசிய மலாலாவின் முகம் நமக்கு நினைவுக்கு வருகிறது. அது மகத்தான குரல். ஆனால் 1848இல் பூனாவில் பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் புறப்பட்ட சாவித்திரிபாய் பூலே மேடையேறிப் பேசி அதைத் தொடங்கவில்லை. தெருவில் தன்மேல் சேறு எறிந்தவர்களைக் கடந்து தினமும் வகுப்புக்கு நடந்தார். அந்த நடையே பேச்சு. வன்னியில் குடிசை வாசலில் நின்று "பிள்ளையை அனுப்புங்கோ அம்மா" என்று கேட்ட பெண்களின் குரலையும் அந்த வரிசையில்தான் வைக்க வேண்டும்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. காந்தியத்தின் அமைதி வழி என்ன ஆனது? 1983 ஏப்ரலில் டேவிட்டும் இராஜசுந்தரமும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார்கள். யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகள்மீது இரண்டாம் முறையாக நடந்த படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய டேவிட் செப்டெம்பரில் மட்டக்களப்புச் சிறை உடைப்பில் வெளியேறி இந்தியாவுக்குப் போனார். இயக்கம் சிதைந்தது. காந்தியத்துக்குள் ஆயுத இயக்க இளைஞர் சிலர் இருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை, அது உண்மை. அதற்காகப் பாலர் கொட்டில்களையும் குற்றவாளியாக்க நியாயம் எங்கே இருக்கிறது? அமைதி வழி தோற்றது என்பதை நான் ஏற்கவில்லை. அது நொறுக்கப்பட்டது. இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. அமைப்பை அழித்தவர்களால், அந்தக் கொட்டிலில் ஒருத்தி கற்ற எழுத்தை அழிக்க முடியவில்லை.

முன்பள்ளி ஆசிரியை என்பது பெண்களைக் குறைந்த கூலியில் கட்டிவைக்கும் வேலைதானே என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. போருக்குப் பின் வன்னியின் முன்பள்ளிகள் பலவற்றைச் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் தன் கீழ் கொண்டுவந்தது. அதில் சேர்ந்தவர்களுக்குச் சம்பளம். வெளியே நின்றவர்களுக்குச் சொற்பக் கொடுப்பனவு. பாலர் வகுப்பைப் பாதுகாப்புத் துறையின் கையில் வைப்பது தவறு. அதைத் தவறென்று சொல்லும்போதே, அந்த ஆசிரியைகளுக்குக் கல்வித் துறையின் கீழ் முறையான நியமனமும் சம்பளமும் கொடு என்று கேட்பதும் நம் கடமை. கேட்பது அவர்களுக்காக மட்டும் இல்லை. வீட்டில் தம்பியைத் தூக்கி வைத்திருக்கும் பிள்ளைக்காகவும்தான்.

டேவிட் 2015 ஒக்டோபரில், தொண்ணூற்றொரு வயதில், கிளிநொச்சியில் காலமானார். அவர் பெயரையும் இராஜசுந்தரம் பெயரையும் நாம் சொல்கிறோம். அந்த ஆசிரியைகளின் பெயர்களை நாம் சொல்வதில்லை. அவர்களில் உயிரோடு இருப்போர் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார்கள். தருமபுரத்திலோ பாரதிபுரத்திலோ மலையாளபுரத்திலோ செட்டிகுளத்திலோ இதை வாசிக்கும் எவரும், பழைய பாலர் பாடசாலைக் கொட்டில் எங்கே இருந்தது, அங்கே படிப்பித்தவர் யார் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.