ஒரு வருஷத்துச் சம்பாத்தியம்

பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு என் மனைவி பரண்மேல் இருந்த சாமான்களையெல்லாம் கீழே இறக்கிப் போட்டாள். ஒட்டடை அடிக்கிற சாக்கில் என்னுடைய அந்தரங்கங்கள் சிலவும் வெளியே வந்துவிட்டன. அவற்றில் ஒன்று, என் பாட்டி காலத்து மர அஞ்சறைப் பெட்டி. கடுகும் சீரகமும் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ கலகலவென்று சப்தம் கேட்கவே, மூடியைத் தள்ளிப் பார்த்தாள்.

"ஏங்க, இதெல்லாம் என்ன?"

"இந்த வருஷத்துச் சம்பாத்தியம்" என்றேன்.

"சம்பாத்தியம் என்றால் கடைக்குக் கொண்டுபோய்ச் சாமான் வாங்கலாம். இதைக் கொண்டுபோனால் கால் கிலோ உப்புக்கூடத் தரமாட்டான்!"

அவள் சொன்னது நியாயம்தான். செல்லாத காசுகளைச் சேர்க்கும் பைத்தியம் எனக்குப் பிள்ளைப் பிராயத்திலேயே பிடித்துவிட்டது. பாட்டியின் சுருக்குப் பையில் ஓர் ஓட்டைக் காலணா இருந்தது. 1943-ஆம் வருஷம், யுத்த காலத்தில் செம்புக்குப் பஞ்சம் வந்தபோது, சர்க்கார் காசின் நடுவில் ஓட்டை போட்டுச் செலவை மிச்சம் பிடித்தது. அந்த ஓட்டை வழியே நான் உலகத்தைப் பார்ப்பேன். "இதற்கு அந்த நாளில் என்ன கிடைக்கும், பாட்டி?" என்று கேட்டால், அரை மணி நேரம் கதை சொல்லுவாள். 1957-இல் நயா பைசா வந்து காலணாவைத் தள்ளியது. 2011 ஜூன் மாதத்தோடு நான் மிட்டாய் வாங்கிய நாலணாவும் செல்லாமல் போயிற்று. செலாவணி போன பிறகுதான் காசு கதை சொல்லத் தொடங்குகிறது என்பது என் அனுபவம்.

அஞ்சறைப் பெட்டிக்கு அறைகள் ஐந்து. வருஷத்துக்கு ஐந்துக்கு மேல் வாங்குவதில்லை என்பது நானாகப் போட்டுக்கொண்ட விரதம். வாங்கும் சக்தியும் அவ்வளவுதான்!

முதல் அறையில் இருப்பது ஒரு சதுரச் செப்புக் காசு. சுண்டு விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. மதுரையில் ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் வாங்கினேன். வைகை மணலில் கிடைத்தது என்றார். ஒரு பக்கம் யானை. மறு பக்கம் நாலைந்து கோடுகளாலேயே வரைந்துவிட்ட மீன். சங்க காலத்துப் பாண்டியர் காசு இது.

சங்க கால மன்னர்கள் தங்கள் பெயர் பொறித்துக் காசு அடித்தார்களா என்பதே வெகு காலம் சந்தேகமாக இருந்தது. பத்திரிகை ஆசிரியராகவும் நாணய ஆராய்ச்சியாளராகவும் இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, 1980-களில் இதைப் போன்ற ஒரு சதுரக் காசில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்றிருப்பதைப் படித்துச் சொன்னார். அதன் பின் கரூர்ப் பக்கத்துச் சேரர் காசுகளில் 'மாக்கோதை', 'கொல்லிப்புறை' என்ற பெயர்களும் வெளிவந்தன. பாட்டில் கேட்ட பெயர்கள் உலோகத்தில் எழுந்து நின்றன.

என் காசில் எழுத்து இல்லை. ஆனாலும் அது எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. நான் சரித்திர நாவல் எழுதியவன். என் அரசர்கள் பொற்கிழியைத் தவிர வேறு எதையும் தூக்கி எறிந்ததில்லை. சந்தையில் ஒருத்தி மீன் வாங்கினால் எதைக் கொடுத்தாள் என்று நான் யோசித்ததே கிடையாது. இந்த யானையின் முதுகு தேய்ந்திருக்கிறது. எத்தனை கட்டை விரல்கள் தடவியிருந்தால் செம்பு இப்படித் தேயும்! அந்த விரல்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் அறுநூறு பக்கம் எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது அறைக்கு உரியது கும்பகோணத்தில் கிடைத்தது. அங்கே ஒரு பழைய பாத்திரக் கடை. உடைந்த குத்துவிளக்கு, ஓட்டைக் குடம், கைப்பிடி போன செம்பு எல்லாம் எடைக்கு வாங்கி எடைக்கு விற்கிற இடம். ஒரு மூலையில், களிம்பேறிப் பச்சையாகக் கிடந்த வட்டத் தகடுகளை அள்ளிப் பார்த்தேன்.

"அதுவா, சார்? எல்லாம் சோழக் காசு. வயல்லே உழும்போது வருதுன்னு கொண்டாந்து போடுவாங்க. போன வாரந்தான் ஒரு சாக்கு உருக்குறதுக்குப் போச்சு" என்றார் கடைக்காரர்.

ஒரு சாக்கு! அவர் தராசைத் தூக்குகிறவரையில் என்னால் பேச முடியவில்லை. ஒரு கையளவு வாங்கி வந்து கழுவியதில் ஒன்றே ஒன்று முகம் காட்டியது. ஒரு பக்கம் அரசர் நிற்கிறார். மறு பக்கம் அமர்ந்திருக்கிறார். அருகில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று நாகரி எழுத்து. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரெல்லாம் தமிழில் எழுதி வைத்தவர், காசில் மட்டும் நாகரியைப் பொறித்தார். பல தேசங்களுக்கும் போக வேண்டிய காசு என்று நினைத்தாரோ என்னவோ.

அது போகவும் செய்தது. சோழப் படை இலங்கையை வென்றது; இந்தக் காசும் கூடவே போயிற்று. 1070-இல் முதலாம் விஜயபாகு பொலன்னறுவையிலிருந்து சோழர்களை விரட்டினான். படை திரும்பி வந்தது. காசின் அச்சு மாத்திரம் அங்கேயே தங்கிவிட்டது. பராக்கிரமபாகு முதலான சிங்கள அரசர்கள் அதே நிற்கும் உருவத்தையும் அமர்ந்த உருவத்தையும் வைத்துத் தங்கள் பெயரைப் பொறித்தார்கள். லீலாவதி என்ற ராணியும் 'ஸ்ரீ ராஜலீலாவதி' என்று அதே மாதிரியில் காசு வெளியிட்டாள். ஜனங்கள் கைக்குப் பழகிவிட்ட காசை மாற்ற, பகை அரசருக்கும் துணிவு வரவில்லை என்று தோன்றுகிறது.

மூன்றாவது காசைத் தேடி நான் போகவில்லை. தரங்கம்பாடிக் கடற்கரையில் அதுவே என்னைத் தேடி வந்தது. டேனிஷ்காரர்கள் 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்றுக் கோட்டை கட்டிய ஊர் அது. சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கித் தமிழ் கற்றதும், அச்சுக்கூடம் அமைத்ததும் அங்கேதான். 1845-இல் டென்மார்க், வங்காளத்தில் தனக்கிருந்த செராம்பூரோடு சேர்த்து இந்த ஊரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டது. ஊரையே விலை பேசி விற்றவர்கள், காசை மணலில் விட்டுவிட்டுப் போனார்கள்.

கோட்டையருகே சிப்பி விற்ற வயதான அம்மாள் ஒருவர், முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சிறு செப்புக் காசைக் காட்டினார். கிரீடத்தின் கீழே அரசர் பிரெடரிக்கின் பெயரெழுத்துகள் பின்னிக் கிடந்தன. பின்புறம் ரோமன் எழுத்தில் 'IV' என்பதும் அதன் கீழ் 'காஸ்' என்பதும் தெரிந்தன. வருஷம் அழிந்துவிட்டது.

"காஸ்" என்பது வேறொன்றுமில்லை, நம்முடைய காசுதான்! ஐரோப்பாவின் வடகோடியில் இருந்த அரசர் நம் சொல்லைத் தம் காசில் பொறித்திருக்கிறார். ஆங்கிலேயரும் சென்னையில் அடித்த சில்லறைக்கு 'காஷ்' என்றே பெயர் வைத்தார்கள். அதற்குப் பதிலாக நாமும் ஒன்று வாங்கிக்கொண்டோம். நாகப்பட்டினத்தை 1658-லிருந்து 1781 வரை வைத்திருந்த டச்சுக்காரர்களின் 'டாயிட்' என்ற செப்புக் காசுதான் நம் வாயில் 'துட்டு' ஆயிற்று என்கிறார்கள். காசைக் கொடுத்துத் துட்டை வாங்கிய வியாபாரம்!

இதையெல்லாம் உற்சாகத்தோடு அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுனாமி வந்துச்சே ஐயா, அதுக்கப்புறம் இந்த மாதிரி நெறையக் கரையிலே கெடந்துச்சு. நாங்க கேட்டதைத் திருப்பிக் குடுக்கலே. கேக்காததைக் கொண்டாந்து போட்டுச்சு."

2004 டிசம்பர் 26-ஆம் தேதி அந்தக் கரை எத்தனை உயிர்களைப் பறிகொடுத்தது என்பது எனக்குத் தெரியும். அவர் வீட்டில் யாரைப் பறிகொடுத்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அந்தக் காசை எடுக்கும்போதெல்லாம் டென்மார்க் அரசர் நினைவுக்கு வருவதில்லை.

நாலாவது காசு சென்னைக்காகப் பிறந்து சென்னையைக் காணாதது. லண்டனில் வேலை பார்க்கும் என் மருமான் விடுமுறைக்கு வந்தபோது சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்தான். 1808 என்று போட்ட இருபது காசு. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் விருது. மறு பக்கம், இருபது காசு நாலு பலூஸுக்குச் சமம் என்று பாரசீகத்தில் எழுத்து. அக்காலச் சென்னைக் கணக்குப்படி எண்பது காசு ஒரு பணம். நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். ஆகவே இது கால் பணம். பாரசீகம் எழுதி, ஆங்கிலத்திலும் மதிப்புப் போட்டவர்கள், அதை எண்ணிக் கொடுக்கப்போகிற தமிழனுக்கு ஒரு தமிழ் எழுத்துப் போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பர்மிங்ஹாமுக்கு அருகே சோஹோ என்ற இடத்தில், மாத்யூ போல்ட்டன் நீராவி யந்திரத்தால் நாணயம் அடிக்கும் சாலை வைத்திருந்தார். அங்கே அடித்த இந்தக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் புறப்பட்டது. இங்கிலாந்தின் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே, 1809 ஜனவரியில், புயலில் சிக்கிக் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. மணல் அதை மூடிக்கொண்டது. 1980-களில்தான் கப்பல் இருக்குமிடம் தெரிந்து, லட்சக்கணக்கான காசுகளை வெளியே எடுத்தார்கள்.

மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ கத்தரிக்காய் வாங்கியிருக்க வேண்டிய காசு இது. இருநூறு வருஷம் தாமதித்து, செல்லாக் காசாக வந்து சேர்ந்திருக்கிறது. தேயவே இல்லை, ஏனென்றால் ஒரு கையும் இதைத் தொடவில்லை. முதல் அறையிலுள்ள யானையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதுப் பணக்காரன்போல் பளபளக்கிறது. எனக்கென்னவோ அந்தத் தேய்ந்த யானையின் மேல்தான் மதிப்பு.

இனி ஐந்தாவது அறை. அதில் காசு இல்லை; நாலாக மடித்த ஒரு காகிதம் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அந்தக் காகிதம்தான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, கொங்கு நாட்டிலிருந்து ஒருவர் வந்தார். என் கட்டுரை எதையோ படித்த ஒரு நண்பர் அனுப்பினாராம். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பொன். ரோமாபுரிச் சக்கரவர்த்தி திபேரியுஸின் தலை. கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவர். கழுத்தின் குறுக்கே ஓர் உளி வெட்டு.

அந்த வெட்டைப் பற்றிப் படித்திருக்கிறேன். 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமானியப் பொன் நாணயங்கள் கொண்ட புதையல் ஒன்று கிடைத்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைமேல் இப்படித்தான் வெட்டியிருந்தது. இனிச் செலாவணியில் விடக் கூடாது என்று வெட்டினார்களா, உள்ளே வேறு உலோகம் இருக்கிறதா என்று சோதித்தார்களா? அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸுக்குக் குறையாமல் இந்தியா நம் பணத்தை இழுத்துக்கொள்கிறதே என்று பிளினி புலம்பிய பொன் இதுதான். மிளகுக்கும் முத்துக்கும் மெல்லிய துணிக்கும் ஈடாகக் கடல் கடந்து வந்தது.

"எங்கே கிடைத்தது?" என்றேன்.

"அதெல்லாம் எதுக்குங்க? எடைக்கு எடை போட்டுக் குடுத்தீங்கன்னாப் போதுங்க."

எடை ஒரு பவுனுக்குச் சற்றுக் குறைவு. எழுத்தாளனுக்கும் எட்டாத விலை அல்ல. மனைவியின் வளையல் ஒன்று போதும். பொய் சொல்வானேன்? வளையல் நினைவுக்கு வந்தது. ஆனால் புதையல் சட்டமும் நினைவுக்கு வந்தது. 1878-ஆம் வருஷத்துச் சட்டம் அது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் எதுவானாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சர்க்கார் எடுத்துக்கொண்டால் பொன்னின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரும். இதை அவருக்கு நிதானமாக எடுத்துச் சொன்னேன். "எந்த இடத்தில், எதன் பக்கத்தில் கிடைத்தது என்பதுதான் பொன்னைவிட முக்கியம். அங்கே இன்னும் பானை ஓடு இருக்கலாம், மணி இருக்கலாம்" என்றேன்.

சட்டம் என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் முகம் வெளுத்துவிட்டது. கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன்; கூடவே கூடாது என்றார். காபி கொடுத்தேன். அவர் ஆற்றிக் குடிக்கிற நேரத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்வதுபோலக் காசின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். அதற்கு மட்டும் அவர் ஆட்சேபிக்கவில்லை. பென்சில் கோடு சாட்சி சொல்லாது என்று நினைத்திருப்பார்.

போனவர் போனவர்தான். நண்பரைக் கேட்டேன், அவருக்கும் தகவல் இல்லை. கலெக்டர் ஆபீஸுக்குப் போயிருப்பாரா, பட்டறைக்குப் போயிருப்பாரா? மூசைக்குள் போட்டால் திபேரியுஸும் ஒன்றுதான், திருமாங்கல்யமும் ஒன்றுதான். நான் செய்தது சரி என்று புத்தி சொல்கிறது. வாங்கியிருந்தால் அந்தத் தலை பிழைத்திருக்குமே என்று மனம் சொல்கிறது. வாங்கியிருந்தால் அடுத்த மாதம் அதே வயலை இன்னும் ஆழமாகத் தோண்டி இன்னும் நாலு பேர் வந்திருப்பார்கள் என்று மறுபடியும் புத்தி சொல்கிறது. ஆறு மாதமாக இந்த வழக்குத் தீரவில்லை.

இவ்வளவையும் மனைவியிடம் சொன்னேன். அவள் காகிதத்தைப் பிரித்து வெகு நேரம் பார்த்தாள். பென்சில் கறுப்பில், தலையும் வெட்டும் வெள்ளையாகத் தெரிந்தன.

"என் வளையலை நினைத்தீர்களா?" என்றாள்.

"நினைத்தேன்."

ஒன்றும் சொல்லாமல் காகிதத்தை மறுபடி நாலாக மடித்து ஐந்தாவது அறையில் வைத்து மூடினாள். பரணில் ஏற்றவில்லை, என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வயலிலோ வீட்டுக் கடைக்காலிலோ ஒரு காசு அகப்பட்டால், அது பொன்னா செம்பா என்று பார்க்கும் முன், கிடைத்த இடத்தைக் குறித்து வையுங்கள். அதைச் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுங்கள். என் அஞ்சறைப் பெட்டியில் அது இல்லாமல் போனால் ஒரு குறையும் இல்லை.