சிரிக்க வைத்த அப்பாக்கள்

1964-ஆம் ஆண்டில் தர்மபுரி என்று தனியாக ஒரு மாவட்டம் கிடையாது. 1965 அக்டோபர் 2-ஆம் தேதிதான் அது சேலத்திலிருந்து பிரிந்தது. எனவே ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வெளிவந்த சமயத்தில், பென்னாகரம் பக்கமுள்ள இண்டூர் சேலம் மாவட்டத்துக் கிராமங்களில் ஒன்று. அந்த மாதிரி ஊர்களுக்குச் சினிமாவைக் கொண்டு வந்து சேர்த்தவை டூரிங் டாக்கீஸ்கள். கீற்றுக் கொட்டகை, மணல் தரை, சைக்கிள் நிறுத்த ஒரு மூலை. நகரத்தில் ஓடி ஓய்ந்த படம் பல மாதம் கழித்துத்தான் வந்து சேரும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் ஒரு தடுப்பு.

அந்தத் தடுப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் அப்பா. அந்தப் பக்கம் கல்யாண வயதில் மகள். திரையில் பணக்கார அப்பா ஒருவர் தன் மகளின் காதலனிடம் ஏமாந்துகொண்டிருக்கிறார். தடுப்புக்கு இரண்டு பக்கமும் சிரிப்பு! வீட்டில் இருவரும் பேசவே முடியாத ஒரு விஷயத்துக்கு, கொட்டகையில் இருவரும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

காதல் நகைச்சுவைப் படங்களுக்கு ஏன் இவ்வளவு ஈர்ப்பு என்றால் பாட்டு, ஊட்டி, அழகான ஜோடி என்று பல காரணங்களைச் சொல்லலாம். ஆனால் அவையெல்லாம் சோகக் காதல் படங்களிலும் உண்டு. நம் ஊர்க் காதல் நகைச்சுவைக்கு என்று தனியாக இருக்கும் ஒன்று, சிரிக்க வைக்கும் அப்பா. அவரை வைத்தே இந்த வகைப் படங்களின் வரலாற்றைச் சொல்லிவிடலாம்.

பேசாத அப்பா

காதலும் அதற்கு வரும் தடையும் தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் களவுக்கு ஓர் இயல், கற்புக்கு ஓர் இயல் என்று பிரித்தே வைத்திருக்கிறது. ஊருக்குத் தெரியாத காதல் களவு. அது திருமணத்தில் முடிந்தால் கற்பு. நடுவில் தோழி தூது போகிறாள், ஊர் அலர் தூற்றுகிறது, பெண்ணை வீட்டுக்குள் வைத்துக் காக்கிறார்கள். கடைசியில் தோழி செவிலியிடம் உண்மையைச் சொல்கிறாள், செவிலி தாயிடம் சொல்கிறாள். இன்றைய சினிமாக் கதைக்கு வேண்டிய எல்லாமே இதில் இருக்கிறது.

ஒரே ஒருவரின் குரலைத்தான் காணோம். சங்க அகப் பாடல்களில் தலைவன் பேசுவான், தலைவி பேசுவாள், தோழி, செவிலி, தாய், வழியில் பார்த்தவர்கள் வரை பேசுவார்கள். தந்தை பேச மாட்டார். அவர் குறிப்பால் உணர்ந்துகொள்வார் என்பது மரபு. அவர் எல்லோரும் பயப்படும் ஆள். ஆனால் மேடைக்கு வருவதில்லை.

அதே தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டில் நகையை முதலில் வைக்கிறது. சிரிப்பு பிறக்கும் இடங்களாக அது சொல்வது நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடமை. இதில் இளமை காதலர்களுக்கு இயல்பாகவே உண்டு. மற்ற மூன்றையும் அப்பாவின் தலையில் கட்டினால் என்ன ஆகும்? அதைச் செய்து பார்க்கத் தமிழ் சினிமாவுக்கு நாள் பிடித்தது.

கொல்லும் அப்பாவிலிருந்து...

1937-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி' வந்தது. கம்பரின் மகன் சோழ இளவரசி அமராவதியைக் காதலிக்கும் கதை. பெண்ணின் தந்தை அரசன். காதலனுக்குக் கிடைப்பது மரண தண்டனை. அந்தப் படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு எதிரியாக, ருத்ரசேனன் என்ற வில்லனாக நடித்தவர் டி.எஸ். பாலையா. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருவார்.

1941-இல் ஏவி. மெய்யப்பன் எடுத்த 'சபாபதி' வேறு வழியைப் பிடித்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம் அது. டி.ஆர். ராமச்சந்திரன் பரீட்சை தேறாத பணக்கார அசடாகவும், காளி என். ரத்தினம் அவருக்கேற்ற வேலைக்காரனாகவும் வந்து வயிற்றைப் புண்ணாக்கினார்கள். படித்த மனைவி சிவகாமிதான் கணவனைப் படிக்க வைத்துக் கரையேற்றுகிறாள். காதலும் இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. ஆனால் காதல் கல்யாணத்துக்குப் பிறகு வருகிறது. அப்பாவோடு மோதவே தேவையில்லாத பத்திரமான ஏற்பாடு!

1955 பொங்கலுக்கு வந்த 'மிஸ்ஸியம்மா' இன்னும் துணிந்தது. எல்.வி. பிரசாத் இயக்கம், ஜெமினி கணேசன், சாவித்திரி ஜோடி. வேலையில்லாத இரண்டு பட்டதாரிகள். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். ஒரு பள்ளிக்கூடத்தில் தம்பதியாக இருந்தால்தான் ஆசிரியர் வேலை என்கிறார்கள். இருவரும் கணவன் மனைவியாக நடிக்கிறார்கள். நடிப்பு நிஜமாகிறது. மூலம் ரவீந்திரநாத் மைத்ராவின் வங்காள நாடகம். பொய் ஒன்று, அதைக் காப்பாற்ற இன்னொன்று, அதற்குள் கோபமும் ஆசையும் என்று இந்த வகைப் படத்தின் முழு இயந்திரமும் இதில் ஓடுகிறது.

ஆனால் முடிவைக் கவனியுங்கள். அவள் பிறப்பால் கிறிஸ்தவப் பெண்ணே அல்ல, சிறு வயதில் காணாமல் போன அந்த ஊர் ஜமீன்தாரின் மகள் என்று கால் மச்சத்தால் தெரிய வருகிறது. பிரச்னை தீர்ந்தது! மதம் மாறாமலே இருவர் திருமணம் செய்துகொள்ள வழி செய்த சிறப்புத் திருமணச் சட்டம் 1955 ஜனவரி 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்திருந்தது. படம் வந்தது ஜனவரி 14-இல். சட்டம் கதவைத் திறந்துவிட்டது. படமோ கதவுப் பக்கம் போகாமல் மச்சத்தைத் தேடிப் போனது.

சின்னமலை விஸ்வநாதன்

ஸ்ரீதருக்கு முதலில் பெயர் வாங்கிக் கொடுத்தது கண்ணீர். 'கல்யாணப் பரிசு' (1959), 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) எல்லாம் கைக்குட்டை நனைக்கும் முக்கோணக் காதல்கள். நடுவில் 1961-இல் 'தேன் நிலவு' எடுத்தார். அதில் தங்கவேலு வயது வந்த பெண்ணுக்கு அப்பா. மறுமணம் செய்துகொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு காஷ்மீருக்குத் தேனிலவு போகிறார். அப்பாவைக் கேலிக்குரிய ஆளாக்கும் வேலை அங்கேயே தொடங்கிவிட்டது.

1964 பிப்ரவரி 27-இல் 'காதலிக்க நேரமில்லை' வந்தது. கதையை ஸ்ரீதரோடு சேர்ந்து எழுதியவர் சித்ராலயா கோபு. வின்சென்ட்டின் கேமராவில் முழுநீள வண்ணப் படம். ரவிச்சந்திரனுக்கு முதல் படம். ஆழியாறு அணைப் பக்கம் பெரிய பகுதி படமானது. கதை இவ்வளவுதான்: எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனுக்கு இரண்டு பெண்கள், ஒரு பையன். வேலையை விட்டு நீக்கப்பட்ட அசோக் முதலாளியின் வீட்டு முன்னாலேயே கூடாரம் போட்டுப் போராடுகிறான். பிறகு அவர் மகளையே காதலிக்கிறான். தான் கோடீஸ்வரன் மகன் என்று அளக்கிறான். அதை நிரூபிக்க நண்பன் வாசு (முத்துராமன்) கிழட்டு வேடம் போட்டு 'அப்பா'வாக வருகிறான். வந்த இடத்தில் முதலாளியின் மூத்த மகள் தன் காதலி என்று அவனுக்குத் தெரிகிறது!

அந்த விஸ்வநாதனாக நடித்தவர்தான் டி.எஸ். பாலையா. 1937-இல் காதலுக்கு எதிராக வாளெடுத்தவர், 27 வருடம் கழித்துக் காதலுக்குத் தடையாக இருக்கும் அப்பாவாக வந்தார். ஆனால் இந்தத் தடவை கையில் வாள் இல்லை. பணத்தாசைதான் இருந்தது. பணக்காரச் சம்பந்தம் என்றதும் அந்த முகம் மலர்வதும், கூழைக்கும்பிடு போடுவதும், மகன் செல்லப்பா (நாகேஷ்) ஓஹோ புரொடக்ஷன்ஸ் படத்துக்காகப் பேய்க்கதை சொல்லும்போது நடுங்குவதும்... அவரைப் பார்த்து யாருக்கும் கோபம் வருவதில்லை. கோபம் வராமல் செய்ததுதான் படத்தின் வெற்றி.

இது எப்படி வேலை செய்கிறது?

முதலாவது, ரகசியம் ஜனங்களுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. கிழவர் வேடத்தில் இருப்பவன் யார் என்று கொட்டகை முழுக்கத் தெரியும். அதனால் சாதாரண வணக்கம்கூடச் சிரிப்பாகிறது. கூடவே, எப்போது மாட்டிக்கொள்வார்களோ என்ற பதற்றமும் உண்டு. அந்தப் பதற்றம் இல்லாவிட்டால் வெறும் கிச்சுகிச்சுதான் மிஞ்சும்.

இரண்டாவது, வில்லன் கிடையாது. தடையாக நிற்பவரும் நமக்குப் பிடித்தவர். அவர் தோற்கவேண்டும் என்றும் ஆசை, அவமானப்படக்கூடாது என்றும் ஆசை. எனவே கிளைமாக்ஸில் அவரும் சிரித்தாக வேண்டும். அப்பா சிரித்தால்தான் கல்யாணம்.

மூன்றாவது, பெரியவரைக் கிண்டல் செய்ய உரிமை பெற்ற ஒருவன். தர்மபுரி வட்டாரத்துத் தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே ராஜா கொலுவிருக்கும் சபையிலேயே கட்டியங்காரன் ராஜாவைக் கிண்டல் செய்வான். யாரும் தண்டிப்பதில்லை. நாகேஷின் செல்லப்பா எஸ்டேட் வீட்டுக் கட்டியங்காரன்தான்.

இந்த இயந்திரம் தமிழுக்கு மட்டும் சொந்தமில்லை. பிடிவாதக்கார அப்பாவை இளையவர்கள் ஏமாற்றும் கதை பழைய கிரேக்க, ரோமானிய நாடகங்களிலேயே உண்டு. 1934-இல் ஹாலிவுட்டில் ஃப்ராங்க் காப்ரா எடுத்த 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' ஐந்து ஆஸ்கார் வாங்கியது. அதில் பணக்கார அப்பாவிடமிருந்து தப்பி ஓடுகிறாள் மகள். கடைசியில் கல்யாணப் பந்தலிலிருந்து ஓடிப்போகச் சொல்பவரே அந்த அப்பாதான். காதலிக்க நேரமில்லையும் ஊர் தாண்டியது. தெலுங்கில் 'பிரேமிஞ்சி சூடு' (1965), இந்தியில் ஸ்ரீதரே இயக்கிய 'ப்யார் கியே ஜா' (1966). மொழி மாறினாலும் அப்பா மாறவில்லை.

பிறகு வந்தவர்களும் அதே வழியில் நடந்தார்கள். 1981-இல் 'தில்லு முல்லு'வில் ரஜினி மீசையை வைத்துத் தேங்காய் சீனிவாசனை ஏமாற்றினார். அங்கே முதலாளியும் பெண்ணின் அப்பாவும் ஒரே ஆள். அதே வருடம் பாக்யராஜின் 'இன்று போய் நாளை வா'வில் ஒரு பெண்ணுக்காக அவள் வீட்டுப் பெரியவர்களை ஆளுக்கொருவராகப் பிடித்தார்கள். அப்பாவிடம் இந்தி படிக்கப் போனவர் பட்ட பாடு தமிழ்நாட்டுக்கே தெரியும். 1996-இல் 'உள்ளத்தை அள்ளித்தா'வில் அப்பாவே இரட்டை வேடமாகிவிட்டார். ஒரு மணிவண்ணன் போதாதென்று இரண்டு!

சிரிப்பு போகாத இடம்

இதில் ஒன்று உறுத்துகிறது. இத்தனை படங்களிலும் அப்பா என்ன காரணத்துக்காக மறுக்கிறார்? பணம், அந்தஸ்து, மீசை. பொய் சொல்லிச் சரிக்கட்டக்கூடிய காரணங்கள் இவை. நம் ஊரில் நிஜமான அப்பாக்கள் மறுக்கும் முதல் காரணம், சாதி, பெயருக்குக்கூட வருவதில்லை. விஸ்வநாதன் மாப்பிள்ளையின் சொத்தை விசாரிப்பார். சாதியை விசாரித்திருந்தால் அந்தப் படம் வேறு படம். அது 'அம்பிகாபதி'க்குத் திரும்பிப் போயிருக்கும்.

இது வெறும் சினிமாக் கணக்கு இல்லை. 2012 நவம்பர் 7-ஆம் தேதி, இதே தர்மபுரி மாவட்டத்தில், ஒரு கலப்புக் காதல் திருமணத்தைத் தொடர்ந்து நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. வேடம் போட்டு ஏமாற்றித் தீர்க்க அங்கே ஒற்றை அப்பா இல்லை. அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம் நின்றது.

பத்தே மாதத்தில், 2013 செப்டம்பரில், பொன்ராம் இயக்கிய 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்' வந்தது. சிவகார்த்திகேயன், சூரி கூட்டணியின் கலகலப்பான படம். அதில் சத்யராஜ் கௌரவம் பார்க்கும் அப்பா. ஓடிப்போன மகளைச் சுட்டுக் கொன்றுவிட்டார் என்று ஊரே நம்புகிறது. உண்மையில் அவர்தான் மகளையும் காதலனையும் அனுப்பி வைத்தவர். ஊருக்கு முன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கொலைகாரப் பட்டத்தைத் தாமே சுமக்கிறார்!

சிரித்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் இந்தக் கதையின் கனம் தெரியும். 1964-இல் பிள்ளைகள் அப்பாவிடம் பொய் சொன்னார்கள். 2013-இல் அப்பா ஊரிடம் பொய் சொல்கிறார். ஐம்பது வருடத்தில் தமிழ்க் காதல் நகைச்சுவை அப்பாவை மனிதனாக்கிவிட்டது. சங்கப் பாடலில் பேசாமலிருந்தவரைப் பேச வைத்து, பயப்பட வைத்து, சிரிக்க வைத்து, கடைசியில் மகள் பக்கமே கொண்டு வந்து நிறுத்திவிட்டது. சாதாரண வேலை இல்லை இது. ஆனால் அந்த அப்பாவே பயப்படுகிற ஊரை அது இன்னும் தொடவில்லை.

கீற்றுக் கொட்டகைகள் போய்விட்டன. நடுவில் இருந்த தடுப்பும் போய்விட்டது. இன்று இண்டூரில் அப்பாவும் மகளும் ஒரே டி.வி. முன் உட்கார்ந்து பாலையாவைப் பார்த்துச் சேர்ந்தே சிரிக்கலாம். படம் முடிந்ததும் மகள் வாய் திறந்து ஒரு பெயரைச் சொல்ல முடிந்தால், அந்தச் சிரிப்பு முழுமையாக வேலை செய்துவிட்டது என்று அர்த்தம்.