நாடகம் நின்ற இடமும் முசிறித் துறையும்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் பணித்தபொழுது, மிளகைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அவர் நகைத்தார். இல்லை, ரோமாபுரியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். பின்னும் நகைத்தார். இரண்டும் ஒரே பொருள்தான் என்று அவரிடம் விளக்க அன்று நேரமில்லை. எனக்கு வண்டி வரும் நேரம்.

‘ரோம்’ என்னும் பெயரில் ஒரு தொலைக்காட்சித் தொடர் 2005ஆம் ஆண்டு முதல் 2007ஆம் ஆண்டு வரை வெளிவந்தது. அமெரிக்காவின் எச்.பி.ஓ., இங்கிலாந்தின் பி.பி.சி., இத்தாலியின் ராய் என்னும் மூன்று நிறுவனங்கள் கூடி எடுத்தது. முதற் பகுதியின் பன்னிரண்டு அத்தியாயங்களுக்கு மட்டும் ஏறத்தாழ பத்துக் கோடி டாலர் செலவாயிற்று. ரோம் நகரத்துச் சினிசிட்டா படப்பிடிப்பு நிலையத்தில் பழைய நகரத்தின் மன்றத்தையும் தெருக்களையும் வீடுகளையும் புதிதாகக் கட்டியே எழுப்பினர். செலவு தாங்காமல் இரண்டாம் பகுதியோடு, ஆக இருபத்திரண்டு அத்தியாயங்களோடு, தொடரை நிறுத்தினர். 2007 ஆகஸ்டில் அந்நிலையத்தில் பற்றிய தீ, கட்டிய நகரத்தின் ஒரு பகுதியையும் எரித்தது. இது குடும்பத்தோடு அமர்ந்து காணத் தக்கதன்று என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நண்பர் மகன் ஒருவன் தக்க காட்சிகளைத் தெரிந்தெடுத்துக் காட்டியதால் என் வீட்டார் சிறிது கண்டனர். மற்றதை நான் தனியே கண்டேன்.

அரசர்களைக் காட்டிலும் இரு போர்வீரர்களையே அத்தொடர் நடுவில் நிறுத்துகிறது. வொரீனஸ், புல்லோ என்னும் அவ்விருவர் கற்பனைப் பெயர்கள் அல்லர். சீசர் தம் காலியப் போர் வரலாற்றின் ஐந்தாம் நூலில் ஒருவரோடொருவர் வீரத்தில் போட்டியிட்ட இரு நூற்றுவர் தலைவர்களாக அவர்களைக் குறித்துள்ளார். பேரரசர்களின் ஏட்டில் ஓர் ஓரத்தில் கிடந்த இருவரைக் கொண்டு ஒரு நகரத்தின் கதையைச் சொல்லத் துணிந்தார்களே, குமாஸ்தாவாகிய எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

கதை சீசரின் எழுச்சி, கி.மு. 44இல் அவர் கொலையுண்டது, அந்தோணியும் கிளியோபாத்ராவும் மாண்டது என்று சென்று, எகிப்தை வென்ற ஒக்டேவியன் வெற்றி உலா வருவதோடு முடிகிறது. அந்த ஒக்டேவியனே பின்னர் அகஸ்டஸ் எனப்பட்டவர். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அக்காட்சியைக் கண்டு, “அப்பா, அப்பொழுது நாமெல்லாம் எங்கே இருந்தோம்?” என்று கேட்டாள்.

அக்கேள்விக்குப் பின்னணி உண்டு. அவள் மலையாள வழியில் பயில்பவள். முசிறியைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தபொழுது, “அது எங்கள் ஊர், தமிழ்நாட்டுக்காரிக்கு அதில் என்ன?” என்று உடன் பயிலும் பெண் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆயினும் மூன்று நாள் அவள் சரியாக உண்ணவில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்த குழந்தை அவள்.

நான் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த நாடகம் நிற்கும் இடத்தில்தான் நம் நாடகம் தொடங்குகிறது. கி.மு. 30இல் எகிப்து ரோமர் வசமாயிற்று. செங்கடல் துறைமுகங்களும் அவர்கள் கைக்கு வந்தன. அக்காலத்தில் எகிப்துக்குச் சென்ற ஸ்ட்ராபோ என்னும் நிலநூலார், முன்னாள் இருபது கப்பல்கூடத் துணிந்து செல்லாத கடலில், மயோஸ் ஹொர்மோஸ் துறையிலிருந்து மட்டும் 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் செல்வதாக எழுதினார். கோடையின் நடுவில் எகிப்திலிருந்து புறப்பட்டு, செங்கடல் வாயிலைக் கடந்து, தென்மேற்குப் பருவக்காற்றைப் பாயில் ஏற்றினால் நாற்பது நாளில் முசிறி என்று பிளினி கணக்கிடுகிறார். நம் வீட்டு ஓட்டைச் சடசடக்கச் செய்யும் இதே காற்றுத்தான்.

வந்தவர்களை நம் புலவர்கள் யவனர் என்றனர். சேரரின் பேரியாற்றில் நுரை எழ யவனர் மரக்கலம் வந்து, பொன்னைக் கொடுத்து மிளகைக் கொண்டு திரும்பியதை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்றின் 149ஆம் பாட்டில் பாடியுள்ளார். பரணரும் புறநானூற்றில் முசிறியைக் காட்டுகிறார். அங்கே கப்பலில் வந்த பொன் தோணிகளில் ஏறிக் கரை சேர்கிறது. யவனர் தந்த மதுவைப் பாண்டியன் பருகியதையும், அரசன் பாசறையில் யவனர் காவல் நின்றதையும் பிற பாட்டுகளில் காணலாம். வொரீனஸ் போன்ற ஒருவன் ஊருக்குத் திரும்பாமல் நம் அரசனிடம் சம்பளம் வாங்கியிருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

ஆனால் பாட்டைவிட என்னை அதிகம் ஈர்த்தது ஒரு தாள். ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகரத் தேசிய நூலகத்தில் உள்ள பாப்பிரஸ் ஏடு அது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியது; 1985இல் அச்சில் வெளிவந்தது. அதன் ஒரு பக்கத்தில் ஒரு கடன் ஒப்பந்தம். முசிறி வணிகத்தின் பெயர் அதில் வருகிறது. செங்கடற்கரையில் இறக்கிய சரக்கை நம்பகமான ஒட்டகக்காரனிடம் ஒப்படைக்க வேண்டும். பாலைவன வழியில் காவல் வேண்டும். காப்டோஸ் ஊர்ப் பொதுக் கிடங்கில் முத்திரையிட்டு வைக்க வேண்டும். பின் நைல் ஆற்றில் படகேற்றி அலெக்சாந்திரியாக் கிடங்கில் சேர்க்க வேண்டும். அங்கே நூற்றுக்கு 25 சுங்கம். இருபது ஆண்டுகளாகச் சரக்கு ரசீதும் முத்திரையும் கிடங்குக் கணக்குமாக வாழ்பவன் நான். இதைப் படித்தபொழுது என் மேசைமேல் கிடக்கும் காகிதத்தையே படிப்பது போலிருந்தது. அனுப்பியவர் யார், பெறுபவர் யார், வழியில் கெட்டால் பொறுப்பு யாருடையது என்னும் அதே கவலைகள்!

மறுபக்கத்தில் ‘ஹெர்மபொல்லோன்’ என்னும் கப்பலின் சரக்குக் கணக்கு. கங்கைக் கரைச் சடாமாஞ்சில் வாசனைப் பொருள் 60 பெட்டி, யானைத் தந்தம், இன்னும் பல. சுங்கம் போக மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ் என்று கணக்கிடுகின்றனர். அந்நாள் ரோமப் போர்வீரன் ஒருவனின் ஆண்டுச் சம்பளம் 1,200 செஸ்டர்ஸ். ஒரு கப்பலின் சரக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களின் ஓராண்டுச் சம்பளம் என்றால், சினிசிட்டாவில் கட்டிய அட்டை நகரத்தின் செலவு எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

பொன் இப்படிப் போகிறதே என்று ரோமில் புலம்பியவர்களும் உண்டு. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போவதாகப் பிளினி வருந்தினார். காரம் ஒன்றைத் தவிர வேறு சிறப்பில்லாத மிளகுக்கு ஏன் இத்தனை மோகம் என்றும் அவர் வியந்தார். அவர் நம் வீட்டு இரசத்தைச் சுவைத்தவர் அல்லர், மன்னிக்கலாம். போன பொன் இங்கே மண்ணுக்குள் கிடந்தது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த ஒரு புதையலில் மட்டும் 501 ரோமப் பொற்காசுகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். அகஸ்டஸின் வழிவந்தோர் முகமாயினும் இங்கே அது வெறும் பொன் எடைதான்.

சென்ற ஆண்டு விடுமுறையில் குடும்பத்தோடு ஆலுவா வரை இரயிலில் சென்று, அங்கிருந்து பேருந்தில் வடக்குப் பறவூர் வழியாகப் பட்டணம் என்னும் சிற்றூரை அடைந்தோம். 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகத்தார் பி. ஜே. செறியான் தலைமையில் அகழ்ந்த இடம் அது. ரோமச் சாடிகளின் உடைந்த துண்டுகள், மிளகு, செங்கல்லால் கட்டிய துறை, அதனருகே மரக்கட்டைத் தூண்கள், ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரு தோணி ஆகியவை அங்கே வெளிப்பட்டன. இதுவே முசிறி என்பார் பலர். சான்று போதாது என்பாரும் உளர். இன்று காண்பதற்குத் தென்னந்தோப்பும் வீடுகளுமே உள்ளன. என் மனைவி, “இதற்காகவா இவ்வளவு தூரம்?” என்றாள். மகள் மட்டும் தரையில் ஓட்டுத் துண்டு ஏதேனும் கிடக்கிறதா என்று தேடிக்கொண்டே நடந்தாள்.

இனி, முசிறி யாருடையது? நம் மேடைகளில் சிலர் முழங்குவதுபோல், அது தமிழருடையது, மற்றவர் பறித்துக்கொண்டனர் என்று என் மகளிடம் நான் சொல்லவில்லை. மேற்கே இருந்த அத்துறையில் ஆண்ட சேரரும் அவரைப் பாடிய புலவரும் வழங்கிய மொழி தமிழ், அதில் ஐயமில்லை. மலையாளம் தனிமொழியாக வடிவு கொண்டது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. ஆனால் அன்று மலையில் மிளகு பறித்தவன், கழியில் தோணி தள்ளியவன் ஆகியோரின் வழிவந்தவர்கள் பெரும்பாலும் இம்மண்ணிலேயே இருந்து, இம்மொழி மாற்றத்தையும் தாங்களே நடத்தியவர்கள். அந்த வகுப்புத் தோழி சொன்னதில் பாதி உண்மை. அவள் மறுத்த பாதியும் உண்மை. பாட்டன் வீட்டில் பெரியப்பா பிள்ளைக்கும் சித்தப்பா பிள்ளைக்கும் உள்ள உரிமை போன்றது இது. பிந்திக் குடிவந்ததால் நமக்கு அது இல்லாமற் போகாது.

“நாம் எங்கே இருந்தோம்?” என்பதற்கு நான் காட்டிய விடை வேறு. எகிப்தின் செங்கடற்கரையில் பெரனிகே என்னும் பாழ்பட்ட துறைமுகத்தில், ஒரு கோயிலில், இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. அதே ஊரில் 1995இல் ஒரு சாடித் துண்டு கிடைத்தது. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘கொறபூமான்’ என்னும் பெயர் இருப்பதாக ஐராவதம் மகாதேவன் படித்தார். கொற்றன் என்னும் ஒருவன். மயோஸ் ஹொர்மோஸிலோ, ‘பானை ஒறி’ என்று எழுதிய ஓடு. உறியில் தொங்கிய பானையாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் யாரோ ஒருவர் உறி கட்டிப் பானையைத் தொங்கவிட்டு, அதன்மேல் தமிழில் எழுதியும் வைத்திருக்கிறார்.

மகள் அப்பெயரைத் தன் நோட்டுப் புத்தகத்தில் முதலில் மலையாளத்தில் எழுதினாள். அதுதான் அவள் கைக்கு விரைவாக வரும். அதன் கீழே தமிழில் எழுதினாள். இரண்டு றகரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தை மறுநாள் பள்ளிக்குக் கொண்டு போனாள்.