ஆர்ப்ரோத்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஆங்கஸ் வட்டாரத்தில் உள்ள துறைமுக நகரம். டண்டீயிலிருந்து வடகிழக்கே சுமார் 26 கி.மீ. தொலைவில் இருக்கிறது. ஊரை அடுத்து வடக்கே நீளும் செம்மணற்கல் பாறைச் சரிவுகளில் கடல் குடைந்த குகைகளும் வளைவுகளும் நிறைய உண்டு.

அதே செம்மணற்கல்லால் 1178இல் ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் வில்லியம் இங்கு ஒரு மடாலயம் எழுப்பினார். கான்டர்பரிப் பேராயர் தாமஸ் பெக்கெட்டின் பெயரால் அமைந்த அந்த மடாலயத்திலேயே 1214இல் வில்லியம் அடக்கம் செய்யப்பட்டார். 1320 ஏப்ரல் 6ஆம் தேதியிட்ட ஆர்ப்ரோத் பிரகடனம்தான் இந்த இடத்தின் பெரும்புகழ். இங்கிலாந்துக்கு ஸ்காட்லாந்து அடிமையல்ல என்று பிரபுக்கள் முத்திரையிட்டுப் போப்பாண்டவர் இருபத்திரண்டாம் ஜானுக்கு அனுப்பிய லத்தீன் கடிதம் அது. தங்கள் அரசர் ராபர்ட் புரூஸே இங்கிலாந்துக்குப் பணிந்தால் அவரையும் நீக்கிவிடுவோம் என்று அதில் எழுதிய துணிவு இன்றைக்கும் வியக்க வைக்கிறது. 1950 கிறிஸ்துமஸ் அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்திலிருந்து ஸ்காட்லாந்து மாணவர்கள் எடுத்துச் சென்ற, ஸ்காட்லாந்தின் பழைய முடிசூட்டுக் கல், மறு ஏப்ரலில் இம்மடாலயத்தின் இடிபாடுகளுக்கிடையேதான் வைக்கப்பட்டிருந்தது. தெற்குச் சுவரின் உச்சியில் உள்ள வட்டச் சாளரத்தில் ஒரு காலத்தில் விளக்கேற்றிக் கப்பல்களுக்கு வழிகாட்டினார்கள் என்பது ஊர் வழக்கு.

கரையிலிருந்து சுமார் 18 கி.மீ. தள்ளி பெல் ராக் பாறை இருக்கிறது. அலையேற்றத்தில் முழுதும் மூழ்கி, வற்றும்போது சிறிது நேரமே தலைகாட்டும் இப்பாறை பல கப்பல்களை விழுங்கியது. 1807இல் தொடங்கிய கலங்கரை விளக்கப் பணி முடிந்து, 1811இல் முதல் ஒளி எரிந்தது. ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்படி கற்களை ஆர்ப்ரோத்திலேயே செதுக்கிப் படகில் கொண்டுபோய் அடுக்கினார்கள். பொறியாளர் ராபர்ட் ஸ்டீவன்சனுக்கே பெயர் கிடைத்தது. அப்பணியில் இருந்த மூத்த பொறியாளர் ஜான் ரென்னியின் பங்கு எவ்வளவு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. கலங்கரை விளக்கக் காவலர்களின் குடும்பங்கள், கரையில் 1813இல் கட்டப்பட்ட சமிக்ஞைக் கோபுர வளாகத்தில் வசித்தன. காவலருக்குப் பிள்ளை பிறந்தால், ஆண் என்றால் காற்சட்டையும் பெண் என்றால் பாவாடையும் கொடிமரத்தில் ஏற்றிக் கடலில் இருக்கும் தகப்பனுக்குச் சேதி சொன்னார்களாம். அந்த வளாகம் இப்போது அருங்காட்சியகம்.

வருவோர் தவறாமல் தேடுவது 'ஸ்மோக்கி' என்ற புகையூட்டிய மீன். பக்கத்து மீனவக் கிராமமான ஆக்மிதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் குடிபெயர்ந்த குடும்பங்கள் இதைத் துறைமுகப் பகுதிக்குக் கொண்டுவந்தன. குடல் நீக்கிய ஹாடக் மீனை உப்பிட்டு, வாலோடு வால் சேர்த்து இரண்டிரண்டாகக் கட்டிக் கழியில் தொங்கவிடுவார்கள். கீழே பீப்பாயில் கட்டை எரியும்; மேலே ஈரச்சாக்கு மூடியிருக்கும். புகையும் ஆவியும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் மீன் வெந்து, தோல் செம்பு நிறமாகிவிடும். சுடச்சுட, கையால் பிய்த்துச் சாப்பிடுவதே சிறப்பு. 2004 முதல் இதற்கு ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு உண்டு. ஊரைச் சுற்றி 8 கி.மீ.க்குள் பக்குவம் செய்த மீனுக்கு மட்டுமே ஆர்ப்ரோத் ஸ்மோக்கி என்ற பெயர் செல்லும்.